"தொடரும்" என்ற சொல்

கதையைச் சுவையான இடத்தில் நிறுத்தி, அதன் கீழே "தொடரும்" என்று அச்சிட்டுவிடும் வழக்கம் நம்மவருக்குப் புதியதன்று. 1950ஆம் ஆண்டு தொடக்கம் 1954ஆம் ஆண்டு வரை "கல்கி" வார இதழிலே "பொன்னியின் செல்வன்" வெளிவந்தபொழுது, கடல் கடந்து வரும் அவ்விதழுக்காக ஈழத்திலும் குடும்பங்கள் காத்திருந்தன. இதழ் கைக்குக் கிடைத்ததும் அதனை முதலில் வாசிக்கும் உரிமை யாருக்கு என்பதில் வீடுகளிலே பூசல் விளைந்தது. வந்தியத்தேவனுக்கு என்ன நேர்ந்ததோ என்ற கவலையில் அடுப்பிலிருந்த கறியை மறந்தோரும் உண்டு.

அவ்வாறு காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கணினி விளையாட்டொன்றின் அடுத்த பாகம் எப்பொழுது வெளிவரும் என்று ஏங்கும்பொழுது, "சுட்டு விளையாடுவதற்கு இத்தனை தவமா?" என்று பெரியோர் நகைக்கின்றனர். இந்நகைப்பு நியாயந்தானா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்க்க விரும்பினோம். அதற்கு "ஹாஃப்-லைஃப்" என்னும் விளையாட்டின் வரலாற்றைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் எமக்குத் தோன்றவில்லை.

பெயரின் பொருளை மாணவர்கள் நன்கறிவர். கதிரியக்கப் பொருளொன்றின் அணுக்களிற் பாதி சிதைவதற்கு எடுக்கும் காலத்தை அரைவாழ்வுக் காலம் என்று பௌதிக நூல்கள் கூறும். அத்தேய்வு மாறிலியைக் குறிக்கும் லம்டா என்ற கிரேக்க எழுத்தே இவ்விளையாட்டின் சின்னம். இதனை ஆக்கியவர்கள் மைக்ரோசொப்ட் நிறுவனத்திற் பணியாற்றி விலகிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் என்னும் இருவர் 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்திலே தொடங்கிய "வால்வ்" நிறுவனத்தார். கதாநாயகன் போர்வீரன் அல்லன்; மூக்குக்கண்ணாடி அணிந்த பௌதிகவியலாளன், கோர்டன் ஃபிரீமன் என்பது அவன் பெயர். ஆய்வுகூடத்திற் செய்த பரிசோதனை ஒன்று பிழைத்துப்போக, வேற்றுலகத்தின் கதவு திறந்துகொள்கிறது. அதன் வழியே வந்த பிராணிகளிடமிருந்து தப்ப வேண்டிய அவனுக்கு முதன்முதலிற் கிடைக்கும் ஆயுதம் ஓர் அலவாங்கு!

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பட்டவரையெல்லாம் சுடுவதே அக்காலத்து இவ்வகை விளையாட்டுகளிற் பலவற்றின் சாரமாயிருந்தது. கதை என்பது பெட்டியின் அட்டையிலே அச்சிடப்பட்ட நாலு வரிதான். ஹாஃப்-லைஃப் அந்நிலையை மாற்றியது. விளையாடுபவர் தொடக்கம் முதல் முடிவு வரை அப்பௌதிகவியலாளனின் கண்களின் வழியாகவே உலகைக் காண்கிறார். அவனோ ஒரு சொல்லும் பேசுவதில்லை. இதனை 1997ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிடவே முதலில் எண்ணியிருந்தனர். செய்து பார்த்தபொழுது திருப்தி பிறக்கவில்லை. செய்தவற்றின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கி, 1998ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே வெளியிட்டனர். உலகம் கொண்டாடியது. இரண்டாம் பாகம் எப்பொழுது என்ற கேள்வியும் உடனேயே பிறந்துவிட்டது.

அதற்கான வேலை 1999ஆம் ஆண்டிலே தொடங்கியது. முடிவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாயின. ஏறக்குறைய 4 கோடி டொலர் செலவாயிற்று என்பர். இத்தனை காலம் என்ன செய்தார்கள் என்று கேட்பது இயல்பே. நாடகத்துக்குத் திரை தீட்டுவதைப் போலக் காட்சிகளை வரைந்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. அவ்வுலகிலுள்ள பொருள்கள் யாவும் நிறையுடையனவாக இருத்தல் வேண்டும் என்று அவர்கள் கருதினர். மரப்பலகை நீரில் மிதக்க வேண்டும். கல் அமிழ வேண்டும். ஓரிடத்திலே சிறுவர் ஏறி விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையைப் போன்ற ஒன்று கிடக்கின்றது. அதன் ஒரு முனையிற் கற்களை அடுக்கினால் மறுமுனை உயர்கிறது; அதன்மேல் ஏறி அப்பாற் செல்லலாம். நெம்புகோலின் தத்துவத்தைப் பாடப்புத்தகத்தில் மனனஞ் செய்த பிள்ளை இங்கே அதனைக் கொண்டு வழி தேட வேண்டியவனாகிறான்.

மனித முகங்களுக்கும் அதே உழைப்பைச் செலவிட்டனர். முகத்தின் தசைநார்கள் எவ்வாறு அசைந்து உணர்ச்சியைக் காட்டுகின்றன என்பதை ஆராய்ந்து வகுத்த உளவியலறிஞர் போல் எக்மனின் முறையைத் தழுவி, பாத்திரங்களின் புன்னகையையும் அச்சத்தையும் அமைத்தனர். நகரத்தை வடிவமைக்கும் பொறுப்பு பல்கேரியாவின் சோபியா நகரிலே பிறந்த விக்டர் அன்டொனோவ் என்ற ஓவியரிடம் சென்றது. அவர் 2025ஆம் ஆண்டிலே காலமானார். வேற்றுலகத்தார் மனிதரை அடக்கி ஆளும் அந்நகருக்குப் பெயரில்லை, இலக்கந்தான் உண்டு: 17ஆம் நகர். கிழக்கு ஐரோப்பாவின் பழைய கட்டிடங்களுக்கு நடுவே வானளாவிய இரும்புக் கோட்டையொன்று எழுந்து நிற்கிறது.

கதை தொடங்கும் புகையிரத நிலையக் காட்சியை உயர்தர வகுப்பிற் பயிலும் எமது மருமகனின் அருகிலிருந்து பார்த்தோம். பிரயாணிகள் தலைகுனிந்து வரிசையில் நிற்கிறார்கள். முகமூடியணிந்த காவலன் ஒருவன் வெறுமையான தகரப் பேணியொன்றை வேண்டுமென்றே நிலத்திலே தட்டிவிட்டு, அதனை எடுத்துக் குப்பைத்தொட்டியிற் போடும்படி கட்டளையிடுகிறான். போட்டாற்றான் வழி கிடைக்கும்.

"எடுத்துப் போட்டுவிடு, தம்பி" என்றோம் நாம்.

"பொறுங்கோ மாமா" என்ற மருமகன், பேணியைத் தூக்கிக் காவலனின் முகத்திலேயே எறிந்தான். அடியும் விழுந்தது.

ஒரு துப்பாக்கியும் வெடியாத இக்காட்சியே அவ்விளையாட்டின் தலைசிறந்த பகுதி என்பது எமது எண்ணம். சோதனைச் சாவடிகளிலே நின்று பழகியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இனி, அவ்விளையாட்டு வெளிவந்த கதைக்கு வருவோம். 2003ஆம் ஆண்டு மே மாதம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே நடந்த பெருங்காட்சியில் இரண்டாம் பாகத்தின் பகுதிகள் காட்டப்பட்டன. பார்த்தவர்கள் வியந்தனர். செப்டெம்பர் 30ஆம் திகதி வெளிவரும் என்றும் அறிவிக்கப்பட்டது. நாள் குறித்தவர்கள் வேலையின் அளவைக் குறைவாக மதித்துவிட்டனர். அந்நாள் வந்தது, விளையாட்டு வரவில்லை. சில தினங்களில் அதைவிடப் பெரிய இடி விழுந்தது. நிறுவனத்தின் கணினிகளுக்குள் எவரோ நுழைந்து களவாடிய மூல நிரல் ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் இணையத்திலே பரவியது. சமையல் முடியுமுன்னரே அடுக்களைக் கதவை உடைத்து, அரைவேக்காட்டுச் சட்டியைத் தெருவிலே கொண்டுபோய் வைத்ததை ஒத்தது இது. வேலை எவ்வளவு மிச்சமிருந்தது என்பதை ஊரெல்லாம் கண்டது.

களவு செய்தவன் போட்டி நிறுவனத்தின் கையாளுமல்லன், பணத்தாசை பிடித்தவனுமல்லன். அவ்விளையாட்டின் மீது தீராக் காதல் கொண்ட ஜேர்மனிய இளைஞன் ஒருவன். அடுத்த பாகம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆவலே அவனை உள்ளே இழுத்துச் சென்றது. 2004ஆம் ஆண்டின் முற்பகுதியில் அவனே நியூவெலுக்குக் கடிதம் எழுதித் தொடர்புகொண்டான். வேலைக்கு நேர்முகப் பரீட்சை என்று சொல்லி அமெரிக்காவுக்கு வரவழைத்துப் பிடிக்கும் ஏற்பாடு நடந்தது. அதற்கு முன்பே ஜேர்மனியப் பொலிசார் அவனைக் கைது செய்துவிட்டனர். 2006ஆம் ஆண்டில் நீதிமன்றம் இரண்டு ஆண்டு நன்னடத்தைக் காலம் விதித்ததோடு அவ்வழக்கு முடிந்தது. தண்டனை சிறிதென்பாரும் உளர். அவன் இளமையை நோக்கின் போதுமென்பதே எமது கருத்து. ஆனால், ஆண்டுக்கணக்காக இரவு பகலாக உழைத்தவர்கள் மறுநாட் காலையில் அலுவலகத்துக்கு எந்த முகத்தோடு வந்திருப்பார்கள் என்பதை எண்ணும்பொழுது, பகைவனின் வெறுப்பை விட அன்பனின் பொறுமையின்மை கொடிதோ என்று மயங்குகிறோம்.

இதே காலத்தில் தம் விநியோகஸ்தரான விவெண்டி நிறுவனத்தோடு அவர்களுக்கு வழக்கும் நடந்துகொண்டிருந்தது. செலவு தாங்காமல் நிறுவனமும் நியூவெலும் முறிவின் விளிம்புக்கே வந்துவிட்டதாக 2024ஆம் ஆண்டில் வால்வ் நிறுவனத்தார் வெளியிட்ட ஆவணப்படம் கூறுகிறது. எதிர்த்தரப்பிலிருந்து மலை மலையாக வந்து குவிந்த காகிதங்களுள் கொரிய மொழியில் எழுதப்பட்டவையும் இருந்தன. கோடை விடுமுறையில் வேலை பழக வந்த, கொரிய மொழி கற்ற மாணவர் ஒருவர் அவற்றைப் புரட்டியபொழுது, சான்றுகளை அழித்தமை பற்றிய குறிப்பொன்றைக் கண்டெடுத்தாராம். வழக்கு அத்தோடு திசை திரும்பியது. மொழி படித்து என்ன பயன் என்று கேட்கும் தந்தைமார் இதனைக் கவனிப்பார்களாக!

2004ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி இரண்டாம் பாகம் வெளிவந்தது. காத்திருந்தவர்கள் ஏமாறவில்லை. ஆயினும், காத்திருந்தாற் போதும், நல்லதே வரும் என்று எவரும் கொள்ள வேண்டாம். 1997ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட "டியூக் நியூகெம் ஃபோரெவர்" என்ற விளையாட்டு, கைகள் மாறி 2011ஆம் ஆண்டிலே வெளிவந்தபொழுது, இதற்கா 14 ஆண்டுகள் என்று பலரும் உதட்டைப் பிதுக்கினர்.

ஹாஃப்-லைஃப் கதை பின்னர் 2006இலும் 2007இலும் இரண்டு சிறு பாகங்களாக நீண்டது. இரண்டாவதன் இறுதியில் ஈலை வான்ஸ் என்ற முதிய விஞ்ஞானி, தம் மகள் அலிக்ஸின் கண் முன்னே கொல்லப்படுகிறார். அவள் கதறுகிறாள், திரை இருளுகிறது. மூன்றாவது பாகம் விரைவில் வரும் என்றார்கள். வரவில்லை. கதையை முடித்து வைப்பதற்காக மட்டும் ஒன்றைச் செய்ய மனம் ஒப்பவில்லை. புதிதாக என்ன கொடுப்பது என்பது தெரியவில்லை என்ற கருத்துப்பட அவ்வாவணப்படத்திலே நியூவெல் பேசுகிறார். நேர்மையான பேச்சுத்தான். எனினும், "வராது" என்ற ஒரு சொல்லை உரிய காலத்திற் சொல்லியிருந்தால் எத்தனை பேரின் ஏக்கம் தணிந்திருக்கும்! கதாசிரியர் மார்க் லெய்ட்லோ 2016இல் நிறுவனத்தை விட்டு நீங்கினார். மறு ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பெயர்களை மாற்றி, கடிதம் ஒன்றின் உருவிலே அக்கதையின் முடிவை அவர் வெளியிட்டபொழுது, உலகின் பல மூலைகளிலும் அதனை இழவு ஓலை போல வாசித்தனர். ஈலைக்குக் குரல் கொடுத்த நடிகர் றொபர்ட் கியோமும் அவ்வாண்டிலேயே மறைந்தார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது சிறு பிள்ளைகளுக்கு உரியதன்று. 17 வயதும் அதற்கு மேலும் என்றே அமெரிக்கத் தரப்படுத்தல் கூறும். அச்சமூட்டும் காட்சிகள் பல உண்டு. வயது வந்த பிள்ளை விளையாடும்பொழுது அரைமணி நேரம் அருகிலிருந்து பார்ப்பது தடை விதிப்பதிலும் நன்று.

2020ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி, கொள்ளைநோயினால் நாடுகள் பலவும் கதவடைத்துக்கொண்டிருந்த வேளையில், "ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்" வெளிவந்தது. கண்களை முற்றாக மூடும் கருவியை அணிந்து விளையாட வேண்டிய இக்கதை, இரண்டாம் பாகத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்னர் நிகழ்வது. ஆகவே 2007இல் விட்ட இடத்தைத் தொடாது என்றே யாவரும் எண்ணினர். இறுதியில் அலிக்ஸுக்கு வருங்காலம் காட்டப்படுகிறது. தன் தந்தை இறக்கப்போகும் கணத்தைக் காணும் அவள், அதனை மாற்றிவிடுகிறாள். அதற்கு விலையாகத் தன்னையே இழக்கிறாள். அடுத்த காட்சியில் விளையாடுபவர் மீண்டும் கோர்டன் ஃபிரீமனின் கண்களின் வழியே பார்க்கிறார். ஈலை உயிரோடு நிற்கிறார், மகளைக் காணாமல் தவிக்கிறார். 1998ஆம் ஆண்டில் 15 வயதுப் பையனாக இக்கதைக்குள் நுழைந்தவனுக்கு இப்பொழுது 37 வயது. வேறொருவரின் குரலிலே பேசும் அந்த முதியவர் அவனை நோக்கி நடந்து வந்து, பழைய அலவாங்கை அவன் கையிலே கொடுக்கிறார்.