சத்தம் போடாத கீபோர்டு வாங்குவது எப்படி?

"கீபோர்டு வாங்கப் போறேன்" என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இருக்கிறதுல எந்த கீ வேலை செய்யலை?" கம்ப்யூட்டர் கீபோர்டு என்று நினைத்துவிட்டார் மனுஷர். விளக்கிச் சொன்ன பிறகு வந்த கேள்வி இன்னும் கஷ்டம்: "பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்குற பொட்டி தனியா சத்தமே போடாதா?"

போடாதுங்க. அதுதான் விஷயமே.

மிடி கன்ட்ரோலரில் பொதுவாக ஸ்பீக்கர் இருக்காது, உள்ளே வாத்தியமும் இருக்காது. எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற கணக்கை மட்டும் யூ.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நிஜமாகவே கணக்குதான். ஸ்வரத்துக்கு 0 முதல் 127 வரை ஓர் எண், வேகத்துக்கு அதே மாதிரி இன்னோர் எண். எங்கள் டிபார்ட்மெண்ட் பாஷையில் சொன்னால் கீபோர்டு போடுவது ஜர்னல் என்ட்ரி, அதை வைத்து சத்தம் என்கிற ஃபைனல் அக்கவுண்ட்ஸ் தயாரிப்பது சாஃப்ட்வேர். என்ட்ரி தப்பானால் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் மவுஸால் இழுத்துச் சரி செய்யலாம். பியானோவில் வாசித்ததை அப்படியே புல்லாங்குழலுக்கு மாற்றலாம். வேறு வேறு கம்பெனிப் பொட்டிகள் ஒன்றோடொன்று பேசட்டும் என்று ரோலண்ட் நிறுவனத்தின் ககேஹாஷியும், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று செய்த ஏற்பாடு இது, 1983-ல் வந்தது. இதற்காக 2013-ல் இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி கொடுத்தார்கள். 2020-ல் மிடி 2.0-வும் வந்தாச்சு. ஆனால் நம்ம லெவலுக்கு அந்த 127-ஏ தாராளம் :-)

என் நிலைமை இது. ப்ளஸ் டூ பசங்களுக்கு அக்கவுண்டன்ஸி டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் பன்னிரண்டாயிரம். சி.ஏ. இன்டர் முடிகிற வரைக்கும் இதற்கு மேல் ஒரு பைசா இந்தப் பக்கம் போகக்கூடாது என்பது வீட்டு ஒப்பந்தம். அதாவது ஒரே ஒரு சான்ஸ். வாங்கியது சரியில்லை என்றால் அடுத்த ரெண்டு, மூணு வருஷத்துக்கு விரலால் பெஞ்சில் தாளம் போட வேண்டியதுதான். அதனால் ஒரு மாசம் எதையும் வாங்காமல் விசாரித்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் செய்ய வேண்டிய வேலை கடைக்குப் போவது இல்லை, பரண் மேல் ஏறுவது. கிளாஸ்மேட் ஒருவன் சின்ன வயசில் கிரேடு பரீட்சைக்கு வாசித்த யமஹா பி.எஸ்.ஆர். ஒன்று தூசியோடு கிடந்தது. பின்னால் திருப்பிப் பார்த்தால் 'யூ.எஸ்.பி. டு ஹோஸ்ட்' என்று ஒரு சதுர ஓட்டை! பிரிண்டருக்குப் போடுகிற அதே கேபிள்தான் அதற்கும். அவனுக்கு மொத்தச் செலவு கேபிள் காசு மட்டும். எங்கள் வீட்டுப் பரணில் தேடியதில் கிடைத்தது அண்டாவும் கிழிந்த கொசுவலையும்தான், ஆகவே கடை.

கடையில் முதல் குழப்பம், எத்தனை கட்டை? 25 என்றால் ரெண்டு ஸ்தாயி, 49 என்றால் நாலு, 61 என்றால் ஐந்து, 88 என்றால் முழு பியானோ. 25-ல் ஸ்தாயி மாற்ற பட்டன் இருக்கும், 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்பார்கள். வலது கை மெட்டு மட்டும் வாசிக்கிறவர்களுக்கும், பீட் தட்டுகிறவர்களுக்கும், பஸ்ஸில் எடுத்துப் போகிறவர்களுக்கும் அது சரி. இடது கையில் பேஸ், வலது கையில் மெட்டு என்று உட்கார்ந்தால் ரெண்டு கையும் நடுவில் முட்டிக்கொள்ளும். அதோடு சின்ன மாடல்கள் பலவற்றில் கட்டையின் அகலமே குறைவு. சாதாரண பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு ஏறக்குறைய 16.5 சென்டிமீட்டர், விரல் அந்த தூரத்துக்குத்தான் பழக வேண்டும். குட்டிக் கட்டையில் பழகிவிட்டு நாளைக்கு ஒரு கச்சேரி மேடையில் பெரிய கீபோர்டு முன் நின்றால் விரல் தடுமாறும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் 25-ஐ ஒதுக்கினேன். 61 என் மேஜையில் வைத்தால் காஸ்டிங் புத்தகத்துக்கு இடம் இல்லை. எனவே 49.

அடுத்தது பிட்ச் பெண்ட் சக்கரம். நம்ம ஊர்க்காரர்கள் இதைத்தான் முதலில் பார்க்கணும் என்பேன். கட்டையில் ஸ்வரங்கள் படிக்கட்டு மாதிரி தனித்தனியாக நிற்கும். கமகம் என்பது படிக்கும் படிக்கும் நடுவில் வழுக்குவது. அதைக் கொஞ்சமாவது கொண்டுவர இடது கைப் பக்கம் இருக்கும் இந்தச் சக்கரம்தான் வழி. சாதாரணமாக மேலே ரெண்டு, கீழே ரெண்டு அரைஸ்வரம் வளையும், சாஃப்ட்வேரில் கூட்டிக்கொள்ளலாம். அக்காய் எம்.பி.கே. மினியில் இதற்கு பதில் குட்டி ஜாய்ஸ்டிக், ஆர்ட்டூரியா மினிலேபில் தொட்டுத் தடவும் பட்டை. இரண்டும் நல்ல பொட்டிகள்தான், ஆனால் எனக்குச் சக்கரம்தான் கைக்கு வந்தது. கலர் கலராக லைட் எரிகிற பேடுகளுக்குக் காசு கொடுக்க மனசு வரவில்லை. கடைசியில் எம்-ஆடியோ கீஸ்டேஷன் 49. பார்க்க ரொம்ப சுமார், முழு அளவுக் கட்டை, ரெண்டு சக்கரம், பெடலுக்கு ஓட்டை. போதும்.

இனி சாஃப்ட்வேர். ஹாஸ்டலில் யாரைக் கேட்டாலும் பென் டிரைவில் 'கிராக்' நீட்டுகிறார்கள். நான் வாங்கவில்லை. உத்தமன் என்பதால் இல்லைங்க. என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட், டேலி ஃபைல் எல்லாம் இருக்கிற ஒரே லேப்டாப்பில் ஊர் பேர் தெரியாத ஃபைலை ஓட்ட பயம். அதற்கு அவசியமும் இல்லை. மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம், யோசிக்கவே வேண்டாம். எஃப்.எல். ஸ்டுடியோவை ட்ரையலாக எவ்வளவு நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் சேமித்த வேலையை மறுபடி திறக்க முடியாது. ஒரே ராத்திரியில் பாட்டு முடிக்கிற ஜீனியஸ்களுக்கு ஓகே! ரீப்பர் 60 நாள் முழுசாகப் பார்க்கத் தருகிறது, சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் 60 டாலர். என் பழைய லேப்டாப்பில் இது திணறாமல் ஓடுகிறது என்பதால் ட்ரையலில் இருக்கிறேன். ரெண்டு மாச டியூஷன் ஃபீஸ் அதற்கு ஒதுக்கியாச்சு (ஒப்பந்தத்தில் திருத்தம் கேட்டு அம்மாவிடம் மனு நிலுவையில்). ரீப்பரில் வாத்தியங்கள் கிட்டத்தட்ட இல்லை. சர்ஜ் எக்ஸ்.டி., டீசன்ட் சாம்ப்ளர் இரண்டையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

எல்லாம் மாட்டிய பிறகு கட்டையை அழுத்தினால் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும். பலர் கீபோர்டையே திட்டுவது இங்கேதான். குற்றவாளி பெரும்பாலும் பஃபர். 1024 சாம்பிள் என்று வைத்திருந்தால் 44,100-ஆல் வகுத்துப் பாருங்கள், 23 மில்லிசெகண்ட் அதிலேயே போச்சு. 256 ஆக்கினால் 6-க்குள் வந்துவிடும். ரொம்பக் குறைத்தால் கரகரவென்று உடையும், லேப்டாப் தாங்குகிற வரைக்கும்தான். விண்டோஸில் தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் ஏசியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டுப் பார்க்கலாம். ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுங்கள், அதன் தாமதத்தை எந்த பஃபராலும் சரிக்கட்ட முடியாது. ஒயர் வைத்ததுதான் சரி.

மிச்சக் காசில் சஸ்டெயின் பெடல் வாங்கினேன். மிதித்தால் ஸ்வரம் நிற்கிறது, விட்டால் நீள்கிறது, எல்லாம் தலைகீழ்! பெடலை முதலில் சொருகி, அதை மிதிக்காமல், அப்புறம் யூ.எஸ்.பி.யை மாட்டினால் பொட்டி தானே புரிந்துகொள்கிறது. தங்கச்சிதான் மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தாள். அந்த உரிமையில் சாயந்திரம் ஆறு முதல் ஏழு வரை கீபோர்டு இப்போது அவளுக்கு.