சோதனைக்குழாயும் விடைத்தாளும்

சோதனை என்னும் சொல்லை நாம் பல பொருளில் வழங்குகிறோம். மாணவனின் கல்வியை அளந்தறியும் தேர்வும் சோதனை. ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளின் இயல்பை அறிவதற்காகச் செய்யும் செயலும் சோதனை. மனிதனுக்கு வந்துறும் இடுக்கண்ணையும் சோதனை என்றே சொல்லுகிறோம். வேதியியல் கற்பிக்கும் ஆசிரியனாகிய எனக்கு ஆண்டில் ஒருமுறை இம்மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்வதுண்டு. அமிலங்கள், காரங்கள், உப்புகள் என்னும் பாடத்தில் மாணவர்களுக்குத் தேர்வு வைக்கும் நாளே அது.

இப்பாடம் மிக எளியது என்று மாணவர் கருதுவர். அமிலம் நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்கும்; காரம் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும்; அமிலமும் காரமும் கூடினால் உப்பும் நீரும் உண்டாகும். இம்மூன்று வாக்கியங்களையும் நெட்டுருச் செய்துவிட்டால் போதும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வாறு எழுதித் தேறியவர்களும் பலர். ஆயினும், வாக்கியத்தை அறிந்தவன் பொருளை அறிந்தவனாகிவிடுவானா என்பதைக் காணவே நான் வினாத்தாள் எழுத அமர்கிறேன். அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

முதல் தொல்லை நம் மொழியிலேயே இருக்கிறது. "நீ அறிந்த காரம் ஒன்றின் பெயர் கூறுக" என்று ஓர் ஆண்டு வினவியிருந்தேன். ஒரு மாணவன் "மிளகாய்" என்று எழுதினான். விடையைக் கேட்டு வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ்க் குழந்தை தாயின் மடியிலிருந்தே காரம் என்றால் மிளகாய் என்றுதானே கற்கிறது? அறுசுவையுள் ஒன்றாகிய கார்ப்பு வேறு. வேதியியலார் கூறும் காரம் வேறு. பொற்கொல்லர் நகையைப் பற்றவைக்கும்பொழுது தூவும் வெங்காரத்தின் பெயரில் உள்ள காரமே இந்தக் காரத்திற்கு உறவு. மிளகாய் நாவில் எரியும். சுண்ணாம்பு நீரோ கைக்கும், விரலில் பட்டால் சோப்பைப் போல வழுக்கும். உப்பு என்னும் சொல்லும் இத்தகையதே. கடல்நீரைக் காய்ச்சி எடுப்பது ஒன்றுதான் உப்பு என்று இல்லம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மயில்துத்தமும் உப்பு, வெடியுப்பும் உப்பு, சலவைச் சோடாவும் உப்பு, படிகாரமும் உப்பு என்று பள்ளி சொல்லுகிறது. பிள்ளைகள் திகைப்பதில் வியப்பில்லை.

இரண்டாவது தொல்லை, மாணவர்கள் முறையாக எண்ணிப் பார்த்தே தவறுவது. "எல்லா அமிலங்களிலும் பொதுவாக உள்ள தனிமம் எது?" என்னும் வினாவிற்கு, ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் சிலர் "ஆக்சிஜன்" என்று விடை எழுதுவர். கந்தக அமிலத்தில் ஆக்சிஜன் உண்டு. நைட்ரிக் அமிலத்தில் உண்டு. காடியின் புளிப்பாகிய அசெட்டிக் அமிலத்திலும் உண்டு. ஆகவே அவர்கள் அப்படி நினைப்பதற்கு இடம் இருக்கிறது. பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் லவாய்சியரும் பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வாறே நினைத்தார். அமிலத்தை ஆக்குவது என்னும் பொருள்படக் கிரேக்க மொழியிலிருந்து அவ்வாயுவிற்குப் பெயரையும் இட்டுவிட்டார். பின்னர் 1810-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹம்பிரி டேவி, குளோரின் ஒரு தனிமமே என்றும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் சிறிதும் இல்லை என்றும் நிறுவினார். பொதுவாக நிற்பது ஹைட்ரஜன் என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. கொள்கை மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இவ்விடையை எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் வழங்க எனக்கு வழியில்லை. ஆனால் விடைத்தாளின் ஓரத்தில் லவாய்சியரின் பெயரை எழுதித் திருப்பித் தருவேன். அதனைக் கண்டு மகிழாத மாணவனை இதுவரை நான் பார்த்ததில்லை.

எண்களைப் பற்றிய வினாக்களிலும் இவ்வாறு வழுக்கும் இடம் ஒன்றுண்டு. டென்மார்க்கு நாட்டில் சாரன்சன் என்பவர் 1909-இல் வகுத்த பி.எச். அளவையில் ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு பெருகும். பி.எச். 3 உடைய கரைசல், 6 உடையதைப் போல எத்தனை மடங்கு அமிலத்தன்மை உடையது என்று கேட்டால், இரு மடங்கு என்பவரே மிகுதி. உண்மையில் அது ஆயிரம் மடங்கு. நம் உடலில் ஓடும் குருதியின் பி.எச். ஏறத்தாழ 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலேயே நிற்க வேண்டும் என்று சொல்லும்பொழுதுதான், அச்சிறு எல்லை எத்துணைக் கட்டுப்பாடானது என்று அவர்கள் உணர்கிறார்கள்.

எழுத்துத் தேர்வில் எனக்குப் பெரும்பாலும் மனநிறைவு உண்டாவதில்லை. ஆகவே செய்முறைத் தேர்வில் ஒரு சிறு புதிரை வைப்பது என் வழக்கம். மஞ்சட்பொடியை நீரிற் குழைத்துத் தாளில் பூசி உலர்த்திக்கொள்ள வேண்டும். மூன்று கிண்ணங்களில் மூன்று தெளிந்த நீர்மங்கள் இருக்கும். ஒன்று மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒன்று சுண்ணாம்புத் தெளிநீர். ஒன்று உப்பு நீர். எது எந்தக் கிண்ணத்தில் என்பது எழுதப்பட்டிராது. மஞ்சள் தாள் ஒன்றைத் தவிர வேறு கருவி கிடையாது. சுவைத்தல் கூடாது என்பது கண்டிப்பான கட்டளை.

சுண்ணாம்பு நீரைக் கண்டுபிடித்தல் எளிது. ஆலத்தி கரைப்பதைப் பார்த்திருக்கும் எந்தப் பிள்ளைக்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கும் என்பது தெரியும். ஆனால் அமிலத்திலும் உப்பு நீரிலும் மஞ்சள் தாள் மஞ்சளாகவே இருக்கும். இனி என்ன செய்வது? பலர் இங்கே நின்றுவிடுவர். சிலர் லிட்மஸ் தாள் கேட்பர்.

சென்ற சில ஆண்டுகளுள் ஒருமுறை, கடைசி வரிசையில் அமரும் மாணவி ஒருத்தி சற்று நேரம் தாளையே நோக்கியிருந்தாள். அதிகம் பேசாத பெண். எழுத்துத் தேர்வில் நடுத்தரமான மதிப்பெண்களே பெறுபவள். சுண்ணாம்பு நீரில் சிவந்த அதே தாளை எடுத்து, மற்ற இரு கிண்ணங்களிலிருந்தும் கண்ணாடிக் கோலால் ஒவ்வொரு துளி தொட்டு வைத்தாள். ஒரு துளி பட்ட இடம் மீண்டும் மஞ்சளாயிற்று. மற்றொன்று பட்ட இடம் சிவப்பாகவே நின்றது. முன்னது அமிலம், பின்னது உப்பு நீர் என்று எழுதிவிட்டு எழுந்தாள்.

"இது உனக்கு எப்படித் தோன்றியது, அம்மா?" என்று கேட்டேன்.

"எங்கள் வீட்டில் துணி துவைப்பவள் நான்தான், ஐயா. அப்பாவின் வேட்டியில் மஞ்சட்கறை பட்டிருந்தால், சோப்புப் போட்டதும் சிவக்கும். நல்ல நீரில் அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். சிவந்தது திரும்பும் என்று அதனால் தெரியும்" என்றாள்.

அவள் கூறிய காரணத்தை நான் எந்த நூலிலிருந்தும் கற்பித்திருக்க இயலாது. சோப்பு நீர் காரத்தன்மை உடையது. அலசும்பொழுது அது நீங்கிவிடுவதால் மஞ்சள் தன் நிறத்தை மீளப் பெறுகிறது. ஆற்றங்கரையிலும் கிணற்றடியிலும் நாள்தோறும் நடைபெறும் இச்செயலை எத்தனை கண்கள் கண்டிருக்கும்! கண்டவற்றுள் எத்தனை தேர்வுக்கூடத்திற்குள் வந்தன?

வேறோர் ஆண்டில் நிகழ்ந்தது இதனினும் என் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் 36 மாணவர்கள் இருந்தனர். இரண்டு கரைசல்களைக் கொடுத்தேன். ஒன்றில் சாப்பாட்டு உப்பு என்றும், மற்றொன்றில் சலவைச் சோடா என்றும் எழுதி ஒட்டியிருந்தேன். "இவ்விரு உப்புகளின் கரைசல்களிலும் இருநிற லிட்மஸ் தாள்களை இட்டு, கண்டதை எழுதுக" என்பதே வினா. 29 பேர் இரண்டிற்கும் "நிறமாற்றம் இல்லை" என்று எழுதியிருந்தனர். உப்பு நடுநிலையானது என்று எளிய பாடநூல்கள் பொதுப்படக் கூறுவதை அவர்கள் நன்கு கற்றிருந்தனர். ஆனால் அவர்களுடைய மேசைகளின்மேல் சலவைச் சோடாக் கரைசலில் தோய்ந்த தாள்கள் நீலமாகிக் கிடந்தன! தாள் ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றை எழுதியிருந்தது. 6 பேர் நீலமானது என்று மட்டும் எழுதினர். எஞ்சிய ஒருவன் எழுதியது வருமாறு: "சிவப்புத் தாள் நீலமாயிற்று. உப்பு நடுநிலையானது என்று படித்திருக்கிறேன். மூன்று முறை செய்தும் நீலமே ஆயிற்று. காரணம் எனக்குத் தெரியவில்லை."

நான் அவனுக்கு முழு மதிப்பெண் வழங்கினேன். உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் அதனை ஏற்கவில்லை. அவர் மாணவர்பால் அன்புடையவர். மாலை வேளைகளில் ஊதியமின்றிப் பாடம் சொல்லித் தருபவர். "பொதுத் தேர்வில் விடைக்குறிப்பு எதைச் சொல்லுமோ அதற்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். காரணம் தெரியவில்லை என்று அங்கே எழுதினால் அவன் கதி என்னாவது? ஏழைப் பிள்ளைகள், ஐயா, ஒரு மதிப்பெண்ணில் மேற்படிப்பு தவறிப்போகும்" என்றார். அவர் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. மதிப்பெண் அப்பிள்ளைகளுக்கு விளையாட்டன்று, அது பிழைப்பு. ஆயினும் காணாததைக் கண்டதாக எழுதப் பழகிய கை, பிற்காலத்தில் மருந்துக் கூடத்திலோ குடிநீர் ஆய்விலோ அமர்ந்தால் எதை எழுதும் என்று நான் கேட்டேன். அதற்கு அவர் விடை கூறவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

தேர்வாளர் மதிப்பெண்ணுக்கும் உண்மைக்கும் எப்பொழுதும் உடன்பாடு இருந்ததில்லை என்பதற்கு இப்பாடத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. சுவீடன் நாட்டு இளைஞர் அரீனியசு, 1884-ஆம் ஆண்டில் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வுரையை அளித்தார். உப்புகளும் அமிலங்களும் நீரிற் கரையும்பொழுது மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிகின்றன என்னும் கொள்கைக்கு வித்து அதில் இருந்தது. தேர்வாளர்கள் அதற்குத் தாழ்ந்த தரமே வழங்கினர். அவரைத் தேடி ஆஸ்ட்வால்டு என்னும் அறிஞர் அவ்வாண்டே உப்சாலாவிற்கு வந்தார். 1903-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அரீனியசுக்குக் கிடைத்தது. இன்று பத்தாம் வகுப்பு மாணவன் அமிலத்தை ஹைட்ரஜன் அயனி தருவது என்றும், காரத்தை ஹைட்ராக்சைடு அயனி தருவது என்றும் எழுதுவது அவர் வழியிலேதான்.

அக்கொள்கையின் துணைகொண்டே அம்மாணவனின் ஐயத்தை மறுநாள் தீர்த்தேன். உப்புக்கும் தாய் தந்தையர் உண்டு. சாப்பாட்டு உப்பின் பெற்றோர் வலிய அமிலமும் வலிய காரமும் ஆவர். ஆகவே அது எப்பக்கமும் சாயாது. சலவைச் சோடாவின் பெற்றோருள் சோடியம் ஹைட்ராக்சைடு வலியது; கார்பானிக் அமிலம் மெலியது. அதன் கார்பனேட் அயனி நீரிலிருந்து ஹைட்ரஜனைக் கவர்ந்துகொள்ள, ஹைட்ராக்சைடு மிஞ்சுகிறது, தாள் நீலமாகிறது.

"அப்படியானால் வலிய அமிலமும் மெலிந்த காரமும் சேர்ந்த உப்பு தாளைச் சிவக்கச் செய்ய வேண்டுமே, ஐயா?" என்று அவன் கேட்டான்.

"செய்து பார், தம்பி" என்று படிகாரக் கட்டி ஒன்றைக் கொடுத்தேன். பெயரிலே காரம், இனத்தாலே உப்பு. கலங்கிய ஆற்று நீரைத் தெளிவிக்க வீடுகளில் இடுவது அது. பொடித்து நீரிற் கரைத்து நீலத் தாளை அமிழ்த்தினான். மாணவர் சுற்றி நின்றனர். மதிப்பெண் குறித்து மறுத்த நண்பரும் வாயிலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தாள் சிவந்தது. "எழுதிக்கொள்ளுங்கள், கண்டதை எழுதுங்கள்" என்று முதலில் சொன்னவர் அவர்தாம்.