திருச்சி வாசலில் பிரிந்தோம்

நாகப்பட்டினம் என்றால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கப்பல்தான் முதலில் நினைவுக்கு வரும். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ சென்னையிலும் நாகையிலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வந்து போன கப்பல். நாகையில் அது கரையை ஒட்டி நிற்காது. கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டிருக்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். வழியனுப்ப வந்தவர்கள் கண்ணுக்கு எட்டிய மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு மேல்தட்டில் பாய் விரித்து ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். அழுது தீர்க்க நேரமும் இருந்தது. ஆறுதல் சொல்ல அடுத்த பாயில் ஆளும் இருந்தது.

‘ரஜூலா’ 1973-இல் ஓய்வு பெற்றது. அதன் பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். அதோடு அந்தக் கடல்வழி மூடிக்கொண்டது. இன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம்தான். வந்து சேர நேரம் மிச்சம். பிரிந்து போகத்தான் நேரம் கிடைப்பதில்லை. 2025 ஜனவரியில் நான் போய் வந்த பயணம் இதை எனக்குக் காட்டியது.

என்னோடு வந்தவர் எங்கள் தோட்டத்து அக்கா. உடன்பிறந்தவர் அல்லர், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்கள் நாங்கள். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். வயது 72.

1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற கெடுபிடி வந்தது வாசகர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்மவர் பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். அக்காவின் பெற்றோரும் 1970-இல் கப்பல் ஏறினார்கள். கல்யாணம் முடிந்திருந்த 17 வயது அக்கா இங்கே தங்கிவிட்டார். 12 வயதுத் தங்கை பெற்றோரோடு போய்விட்டாள். 55 வருடம் கழித்து, தங்கை படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று சேதி வந்தபோதுதான் அக்கா கடப்பிதழே எடுத்தார்.

திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர் வழியாக மன்னார்குடிப் பக்கம் உள்ள அந்தச் சிற்றூருக்குப் போனோம். சகோதரிகள் சந்தித்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது அவர்கள் இருவருக்கும் உரியது.

நாலாம் நாள், தங்கை வந்து இறங்கிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்க, நாகைக்குப் போனோம். கலங்கரை விளக்கம், மீன்பிடிப் படகுகள், வலை பின்னும் ஆட்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் கரையில் பிள்ளைகள் மறுபடியும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். 2023 அக்டோபரில் இங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். நம் நாட்டுக்குத்தான் கப்பல் இல்லை.

திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: “நீ போயிட்டு வாம்மா. அன்னிக்கு அவளை அனுப்பிட்டு நின்னேன். இப்ப விட்டுட்டு வரமாட்டேன்.”

எனக்குத் திக்கென்றது. அக்காவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தெரியும். தனியாக எங்கும் போனவர் அல்லர். விசா முடிவதற்குள் யார் இவரைக் கொண்டுவந்து சேர்ப்பது? அவர் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆனால் அவரை இழுத்துக்கொண்டு வர எனக்கு என்ன உரிமை? கோலாலம்பூருக்குப் பேசினேன். “அம்மா இஷ்டம், அத்தை” என்றான் பெரியவன். அவனே டிக்கெட் தேதியை மாற்றி, சக்கர நாற்காலி உதவிக்கும் பதிந்து கொடுத்தான்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் இரவே பிரிய வேண்டியதைப் பிரித்தோம். ஒரே பெட்டியில் கிடந்த துணிமணி இரண்டு பெட்டியாயின. அவரவர் மருந்து அவரவர் கைப்பைக்குப் போனது. பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள் எழுதினேன்: விசா முடியும் நாள், விமானம் புறப்படும் நேரம், மகனின் தொலைபேசி எண், யார் கொடுத்தாலும் பொட்டலம் வாங்காதே. நம் நேரம் இரண்டரை மணி முந்தியது என்பதையும் எழுதினேன். பேச வேண்டியதையும் அன்றிரவே பேசிவிட்டோம்.

அது நல்லதாயிற்று. நம் ஊரில் வழியனுப்ப வருகிறவர் பெட்டி போடும் இடம்வரை கூட வரலாம். திருச்சியில் அப்படி இல்லை. 2024-இல் திறந்த புதிய கட்டடம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் டிக்கெட்டையும் கடப்பிதழையும் காவலரிடம் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். வாசலில் வண்டி நின்றது. அக்கா என் தலையில் கை வைத்தார். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவ்வளவுதான்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் புதுக்கோட்டைப் பையன் ஒருவன். சாப்பாட்டுக் கடை வேலைக்கு முதன்முறையாக வருகிறான். இடைவார் போடத் தெரியாமல் விழித்தான், போட்டுவிட்டேன். “அம்மா, இறங்கினதும் எங்கே போகணும்?” என்றான். குடிநுழைவுச் சோதனைவரை கூட்டிவந்து, வெளிநாட்டார் வரிசையைக் காட்டிவிட்டு நான் நம்மவர் வரிசைக்கு வந்தேன். அவன் ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

மார்ச் மாதத்தில் அக்காவின் தங்கை காலமானாள். காரியம் முடிந்து, விசா முடிய இரண்டு வாரம் இருக்கையில், அக்கா தனியாகவே விமானம் ஏறி வந்து சேர்ந்தார். நாற்காலியில் தள்ளி வந்த பெண்ணிடம் என் தாளை நாலு தடவை காட்டினாராம்.

வயதானவர்களோடு பயணம் போகும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். சேர்ந்து போனாலும், தனியே திரும்ப நேர்ந்தால் என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்பே அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். சொல்ல வேண்டிய அன்பான வார்த்தையை விமான நிலைய வாசலுக்கென்று மிச்சம் வைக்காதீர்கள்.

அந்தத் தாளை அக்கா இன்னும் கடப்பிதழுக்குள் மடித்து வைத்திருக்கிறார். முதலாண்டு திதிக்குப் போக வேண்டுமாம். “துணைக்கு நான் வரட்டுமா அக்கா?” என்று கேட்டேன்.

“வந்தா வா. வராட்டியும் போவேன்” என்றார்.