அத்தாவின் மிசுறு

தியாகராய நகரில் வாழ்வோர் உலகம் சுற்ற வேண்டியதில்லை, உலகமே பனகல் பூங்காவைச் சுற்றித் துணி வாங்கிச் செல்கிறது என்று என் தோழியொருத்தி வேடிக்கையாகக் கூறுவாள். எனக்கோ பள்ளிப் பருவந்தொட்டே ஒரு நகரத்தின்மீது தீராத ஏக்கம். அந்நகரம் கெய்ரோ. ஆனால் எங்கள் இல்லத்தில் அப்பெயர் வழங்கியதில்லை. நாட்டுக்கும் நகருக்கும் சேர்த்து ‘மிசுறு’ என்றே அத்தா கூறுவார். எகிப்தியரும் தம் தலைநகரைப் பேச்சு வழக்கில் நாட்டின் பெயராலேயே அழைப்பர் என்பதைப் பின்னாளில் அறிந்தபோது, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அத்தாவே எங்களினும் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று வியந்தேன்.

அத்தா, உஸ்மான் சாலையில் ஒரு துணிக்கடையில் முப்பது ஆண்டுகள் துணி அளந்து கொடுத்தவர். (1934-இல் சென்னை மாகாணத்தின் பொறுப்பு ஆளுநராக விளங்கிய சர் முகம்மது உஸ்மான் அவர்களின் பெயரை அச்சாலை தாங்கி நிற்பதை, அங்கு நாள்தோறும் நடக்கும் நம் மாணவியரில் எத்தனைபேர் அறிவர்?) வீட்டில் அவருக்கென இருந்த உடைமை ஒரு தகரப்பெட்டி. அதனுள் கறுப்புக் குஞ்சம் தொங்கும் சிவப்புத் துருக்கித் தொப்பி ஒன்று. கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்த என் பாட்டனார் அணிந்தது அது. துருக்கியிலேயே 1925-இல் சட்டமியற்றி விலக்கிய தொப்பியைத் தமிழ்நாட்டு முதியவர்கள் அதன்பின்னும் பல்லாண்டுகள் திருமணப் புகைப்படங்களில் பெருமிதத்தோடு அணிந்து நின்றனர். “இது மிசுறுப் பாஷா போட்ட தொப்பி” என்பார் அத்தா. எந்தப் பாஷா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

அந்தப் பாஷாவை நான் கண்டுகொண்டது எம்.ஃபில். ஆய்வின்போது. தமிழ் நாவல் வரலாற்றில் 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ பற்றிப் பக்கம் பக்கமாகப் பயிற்றுவிக்கிறோம். 1885-இல் வெளிவந்த ‘அசன்பே சரித்திர’மோ ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிவிடுகிறது. அதனை இயற்றியவர் கண்டியில் பிறந்த வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை. 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியவர். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற ஒராபி பாஷா 1883-இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டபோது, அவருடன் நட்புக்கொண்டு முஸ்லிம் சிறுவர்க்கு நவீனக் கல்வி தர முயன்றவர். அவரது நாவல் எகிப்தில் தொடங்குகிறது. பாஷா ஒருவரின் குழந்தை கவர்ந்து செல்லப்படுகிறது. பம்பாயில் வளர்ந்து, கல்கத்தா சென்று, பின்னர்த் தன் மண்ணை நாடுகிறது. கண்டியில் வாழ்ந்த ஒருவர் தமிழில் கெய்ரோவைப் படைத்திருக்கிறார் என்பதை எண்ணிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அப்போது அத்தாவுக்குக் கண்புரை. மஃரிப் தொழுகைக்குப்பின் நாள்தோறும் சில பக்கங்கள் நான் படிக்க, அவர் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கேட்பார். பழைய நடை சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும்; அவர் பொருட்படுத்த மாட்டார். அசன் தன் பெற்றோரை அடையும் பகுதி வந்ததும், “போதும்மா, மிச்சத்தை நாளைக்குப் படி” என்றார். மகிழ்ச்சியை ஒரே நாளில் செலவிட விரும்பாத மனிதர் அவர். மறுநாள் கேட்டார்: “நாமும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவோமா?”

வாக்களித்தேன். 2008-இல் இருவருக்கும் கடவுச்சீட்டு எடுத்தோம். மாதந்தோறும் ஏலச்சீட்டில் பணம் கட்டினேன். செல்லும் வழியையும் வகுத்துக்கொண்டோம்: 879-இல் கட்டி முடித்த இப்னு தூலூன் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத்; 972-இல் திறக்கப்பட்ட அல்அஸ்ஹரில் ஒரு ஜும்ஆ; கான் அல்கலீலி கடைவீதியில் அத்தா துணிகளைத் தொட்டுப்பார்த்துத் தரம் சொல்ல வேண்டும்; அங்கேயே ஒரு தேநீர். அவ்வீதிகளின் வாழ்வையே எழுதிய நகீப் மஹ்பூஸ், 1988-இல் நோபல் பரிசு பெற ஸ்டாக்ஹோமுக்குக்கூடச் செல்லாமல் தம் புதல்வியரை அனுப்பிவைத்ததைச் சொன்னேன். “சொந்தத் தெருவை விட்டு வர மனமில்லை போலும்” என்று அத்தா மகிழ்ந்தார். செங்கடற்கரைக் குசைர் அல்கதீமில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானையோடு கிடைத்ததையும், ‘பானை ஒறி’ என்று ஐராவதம் மகாதேவன் அதனைப் படித்ததையும் கூறியபோது, “நமக்கு முன்னாடியே ஒரு பானை போய்விட்டதா!” என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

2010-இல் சீட்டு விழுந்தது. அதே மாதம் என் தங்கை மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. நான் தயங்குவதை அத்தா கண்டுகொண்டார். “மிசுறு எங்கே ஓடிப்போகப் போகிறது? பிள்ளை படிக்கட்டும்.” நானும் அதனை எளிதாக ஏற்றுக்கொண்டேன். அந்த எளிமைதான் இன்றும் என்னை உறுத்துகிறது. வேறெங்கேனும் கடன் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

2011 சனவரியில் தஹ்ரீர் சதுக்கம் தொலைக்காட்சியில் நிறைந்தது. பதினெட்டு நாட்களும் அத்தா அதன்முன் அமர்ந்திருந்தார். திரண்ட மக்களைக் காட்டிலும், ஒரு கணம் தோன்றி மறையும் தெருக்களையும் மாடங்களையும் நைல் பாலத்தையும் அவர் தேடினார். “அதோ, கடைவீதி” என்று ஒருமுறை சுட்டினார். அது கடைவீதியன்று, நான் மறுக்கவில்லை. அவ்வாண்டு ரமலானில் அவர் மறைந்தார். எங்கள் கடவுச்சீட்டுகள் ஒரு முத்திரையும் பெறாமல் 2018-இல் காலாவதியாயின.

சென்ற ஆண்டு பழைய மாணவி ஒருத்தி கணவருடன் கெய்ரோ சென்று திரும்பினாள். “அம்மா, கான் அல்கலீலி அப்படியே நம் ரங்கநாதன் தெருதான்! அதே நெரிசல், அதே பேரம்” என்றாள். எனக்கு மகிழ்ச்சியைவிடப் பொறாமையே மிகுந்தது என்பதை இங்கு ஒப்புக்கொள்கிறேன். அவள் தந்த மெட்ரோ ரயில் பயணச்சீட்டைத் தகரப்பெட்டியில், தொப்பிக்குள் வைத்தேன்.

இவ்வாண்டு மீண்டும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தேன். விசாரணைக்கு வீடு தேடி வந்த காவலர் தாள்களைப் பார்த்துக்கொண்டே, “எந்த நாட்டுக்குப் போகிறீர்கள், டீச்சர்?” என்று கேட்டார்.

“மிசுறு” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எகிப்து என்று திருத்திச் சொன்னேன்.