வாரம் ஒரு விருந்தாளி

ஆரணி என்றதும் பட்டுப் புடவையை நினைத்துக்கொள்ளும் நேயர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். நம்முடைய ஆரணி அதுவன்று. பெரியபாளையத்துக்குச் சமீபத்தில், ஆரணியாற்றங்கரையில் இருக்கிற சிறிய ஊர் இது. ஆடி மாதத்தில் பவானியம்மனுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அறிவார்கள். மற்றவர்கள் அறியாததில் ஆச்சரியமில்லை.

2025-ஆம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி ஹிந்தி ஹாஸ்ய நடிகர் ஸ்ரீ ஸதீஷ் ஷா தமது 74-வது வயதில் காலமானார் என்ற செய்தி வந்தது. 1983-இல் வெளியான 'ஜானே பீ தோ யாரோ' என்ற படத்தில் பிணமாக நடித்தே ஜனங்களைச் சிரிக்கவைத்தவர் அவர். ஆனால் செய்தியைப் படித்தபோது நமக்கு அந்தப் படம் நினைவுக்கு வரவில்லை. நம் வீட்டுக் கூடமும், சிற்றப்பா உட்கார்ந்த நடைப்படியுமே வந்தன.

1984-இல் டில்லி தூர்தர்ஷன் 'யே ஜோ ஹை ஜிந்தகி' என்றொரு குடும்ப ஹாஸ்யத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. எழுதியவர் பிரசித்தி பெற்ற ஹாஸ்ய எழுத்தாளர் சரத் ஜோஷி. இயக்கியவர்களில் ஒருவர் குந்தன் ஷா. ரஞ்சித் என்ற கணவன், ரேணு என்ற மனைவி, அவர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மைத்துனன் ராஜா, இவ்வளவுதான் குடும்பம். ஷஃபி இனாம்தார், ஸ்வரூப் ஸம்பத், ராகேஷ் பேடி ஆகிய மூவரும் நடித்தார்கள். பிற தேசத்துத் தொடர்களில் வாரத்துக்கு ஒரு புது நடிகர் விருந்தாளியாக வந்து போவது வழக்கம். இங்கேயோ விருந்தாளி எப்போதும் ஒரே மனிதர்தான்! ஸதீஷ் ஷா வாரந்தோறும் வேறொரு பெயரில், வேறொரு தொழிலில், வேறொரு பேச்சில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். ஐம்பத்தைந்து வாரங்களில் 55 வேஷங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். எந்த வேஷமானாலும் "முப்பது வருஷ அனுபவம்" என்று பெருமையடித்துக்கொள்வது மட்டும் மாறாது.

தெருக்கூத்துப் பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுமையாகப் படவில்லை. கட்டியக்காரன் ஒரே இரவில் வாயிற்காவலனாகவும், தூதனாகவும், இன்னும் என்னென்னவாகவும் வருவதில்லையா? ஆள் அவன்தான் என்று தெரிந்திருப்பதில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது.

மற்றப் பாதிக்கு ஹிந்தி வேண்டும். அங்கேதான் சங்கடம்.

தெருவில் முதல் டெலிவிஷன் பெட்டியை வாங்கியவர் நம் தகப்பனார். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கக் கூடும் கூட்டம் பாட்டு முடிந்ததும் கலைந்துவிடும். பெட்டிக்குக் கொடுத்த பணம் வீணாகக் கூடாது என்ற கொள்கையுடன் தகப்பனார் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஹிந்தியில் ஓர் அட்சரமும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். மாதுங்காவில் பன்னிரண்டு வருஷம் கணக்கெழுதிவிட்டுத் திரும்பிய நம் சிற்றப்பா. சுவருக்கு அந்தப்புறம் குடியிருந்தார். பாகப்பிரிவினையில் கிணறு யாருக்கு என்று தீராமல், அண்ணனும் தம்பியும் நான்கு வருஷமாகப் பேச்சு வார்த்தையின்றி, பொன்னேரிக் கோர்ட்டில் வக்கீல்கள் மூலமாகவே ஸம்பாஷித்து வந்தார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை சிற்றப்பா சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அடுத்த வாரம் பஞ்சாங்கம் கேட்டு வந்தார். பிறகு ஒரு வாரம், ஆன்டெனா காற்றில் திரும்பியிருக்கிறது என்று சொல்ல வந்தார். தினுசு தினுசாய்க் காரணம். ஆனால் நேரம் ஒன்றே. நடைப்படியைத் தாண்டி உள்ளே வரமாட்டார். அங்கேயே உட்கார்ந்துகொண்டு எங்களிடம், "அவன் என்ன சொல்கிறான் தெரியுமாடா?" என்று ஆரம்பிப்பார். "இவன் பேசுவது ஹிந்தியே அல்ல, ஹிந்தி மாதிரி!" என்று ஸதீஷ் ஷாவின் அந்தந்த வாரத்துக் கொச்சையை நடித்தும் காட்டுவார். நாங்கள் சிரிப்போம். சாய்வு நாற்காலியில் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனார் அரை நிமிஷம் கழித்துச் சிரிப்பார். தம்பி சொன்னதற்குச் சிரித்ததாக ஆகிவிடக் கூடாதல்லவா?

ஒரு வெள்ளிக்கிழமை சிற்றப்பா வரவில்லை. திரையில் ஸதீஷ் ஷா வந்தார், வாயசைத்தார், டில்லியில் யாரோ சிரித்திருப்பார்கள். எங்கள் கூடத்தில் சுவர்க்கோழியின் சப்தம் கேட்டது. தகப்பனார் இரண்டு தடவை வாசலைப் பார்த்தார். அம்மாவை அழைத்து, "அந்தப் பக்கம் விளக்கு எரிகிறதா பார்" என்றார். எரிகிறது என்று தெரிந்ததும் எங்களை அனுப்பினார். "இந்த ஆசாமி இன்றைக்கு என்ன வேஷத்தில் வந்திருக்கிறான் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்."

சிற்றப்பா கம்பளிக்குள் கிடந்தார். குளிர் ஜுரம். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் மேல்விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பார்க்காமல் எப்படியடா சொல்வது?" என்று முனகிக்கொண்டே எழுந்து, கம்பளியோடு வந்து நடைப்படியில் உட்கார்ந்தார். தகப்பனார் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவிடம் மட்டும், "அங்கே ஈரம், உள்ளே பாய் போடு" என்றார்.

அன்று யாருக்கு எவ்வளவு கதை புரிந்தது என்பது நினைவில்லை. சுக்குக் கஷாயத்தின் வாசனை நினைவிருக்கிறது.

இதனால் வழக்கு ராஜியாகிவிட்டது என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும், உண்மையாக இராது. தொடர் முடிந்தது. கிணற்று வழக்கு மேலும் இரண்டு வருஷம் நடந்தது. வாய்தா நாட்களில் வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில் பொன்னேரிக்குப் போவார்கள். போகும்போது தகப்பனார் இரண்டு டிக்கட் வாங்குவார். வரும்போது சிற்றப்பா வாங்குவார்.