அத்தாவின் பயண அட்டையில் மீதமிருந்த 120 ரூபாய்



அத்தா வஃபாத்தாகி இரண்டு மாதங்கள் கடந்திருந்தன. அம்மா இத்தாவில் இருந்தார். நெய்வேலி இந்திரா நகர் வீட்டில் அத்தாவின் அலமாரியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை நானும் தங்கையும் ஏற்றுக்கொண்டோம். ஓய்வூதியத் தாள்கள், சுரங்கத்தில் பணியாற்றிய காலத்து அடையாள அட்டை, மூக்குக் கண்ணாடி, தஸ்பீஹ் மணி, சில நாட்குறிப்புகள், ஒரு பழைய பணப்பை. அந்தப் பணப்பையின் உள்மடிப்பில் சென்னை மெட்ரோ ரயிலின் பயண அட்டை ஒன்று இருந்தது. தங்கை சென்னையில் வசிக்கிறாள். திரும்பிச் சென்றதும் நிலையத்தில் அதைக் காட்டி விசாரித்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னாள்: "அண்ணே, இதில் 120 ரூபாய் இருக்கிறது."

அந்த 120 ரூபாய் எங்கள் குடும்பத்தைச் சில நாட்கள் யோசிக்க வைத்தது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

நகரியத்துக்குள் வாழ்ந்தவரை பேருந்துக் கட்டணம் எங்கள் வீட்டில் பெரிய செலவாக இருந்ததில்லை. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டபின், எண்களால் அழைக்கப்படும் வட்டங்களாகத் திட்டமிட்டு எழுப்பப்பட்ட ஊர் இது. அகன்ற சாலை, மர நிழல், மிதிவண்டி. அத்தா பணிக்குச் சென்றதும் பள்ளிவாசலுக்குச் சென்றதும் மிதிவண்டியில்தான். ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்து நகரியத்துக்கு வெளியே வந்த பின்னரே பேருந்து எங்கள் அன்றாடத்தில் நுழைந்தது. 2022இல் அத்தாவுக்கு உடல்நலம் குன்றி, சென்னை எழும்பூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனைக்கு அடிக்கடி செல்ல நேர்ந்தபோது, பயணக் கட்டணம் மாதச் செலவில் தனி வரியாயிற்று.

அப்போது நம் பகுதிப் பேருந்துகள் கோயம்பேடு வரை சென்றன. பேருந்து நிலையத்தின் வாசலிலேயே மெட்ரோ நிலையம். அங்கிருந்து எழும்பூருக்கு 30 ரூபாய். 2021 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் குறைக்கப்பட்டபோது, பயண அட்டையிலோ கைப்பேசியின் கியூஆர் சீட்டிலோ செல்வோருக்கு 20 விழுக்காடு தள்ளுபடி என்று அறிவித்திருந்தார்கள். எனவே முதல் பயணத்திலேயே அத்தாவுக்கு ஓர் அட்டை வாங்கினோம். நான் கைப்பேசியிலேயே சீட்டு எடுத்துக்கொண்டேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். போக வர 60 ரூபாய்க்குப் பதிலாக 48 ரூபாய். ஒரு முறைக்கு 12 ரூபாய் மிச்சம். பத்து முறை சென்றோம். ஆக 120 ரூபாய் மிச்சம். அட்டையில் நாங்கள் ஏற்றிய மொத்தத் தொகை 600. செலவானது 480. மீதம் 120. மிச்சம் பிடித்ததும் 120, அட்டைக்குள் முடங்கியதும் 120. கைப்பேசியில் சீட்டு எடுத்த எனக்கும் அதே 20 விழுக்காடு கிடைத்தது. ஆனால் என் பணம் ஒரு ரூபாய்கூட எங்கும் தங்கவில்லை. லாபம் பார்த்து வாங்கிய அட்டை லாபம் தரவில்லை என்றே இந்தக் கணக்கு சொல்கிறது.

ஆனால் அத்தா அப்படி நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கைப்பேசியில் எழுத்துகளைத் தேடித் தொடுவது அவருக்கு இயலாது. வரிசையில் நெடுநேரம் நிற்கவும் காலில் வலுவில்லை. அட்டையை வைத்ததும் வாயில் திறக்கும். அவர் யாருடைய கையையும் எதிர்பாராமல் உள்ளே செல்வார். நோயின் காரணமாக ஒவ்வொன்றுக்கும் பிறரைச் சார்ந்திருந்த நாட்களில், தம் பயணத்துக்குத் தாமே கட்டணம் செலுத்தும் அந்த ஒரு நொடி அவருக்குப் பெரிதாக இருந்தது. அதை எந்த விழுக்காட்டில் எழுதுவது?

தங்கை சொன்ன தொகையை அம்மாவிடம் கூறினேன். "சிறிய தொகைதானே, தங்கையே பயன்படுத்திக்கொள்ளட்டும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா தடுத்தார். "இறந்தவர் பொருளில் சிறியது பெரியது உண்டா? கணக்குப் போடு." அத்தாவின் பெற்றோர் முன்பே மறைந்துவிட்டார்கள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு: 15 ரூபாய். எஞ்சிய 105இல் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு: எனக்கு 70, தங்கைக்கு 35. தங்கை அட்டையை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக 120 ரூபாயை ரொக்கமாக அம்மாவின் கையில் தந்துவிடுவது என்று முடிவாயிற்று.

மஃரிப் தொழுகைக்குப் பின் இமாம் ஹஜ்ரத்திடம் இதைச் சொல்லி, பங்கீடு சரிதானா என்று கேட்டேன். அவர் சரி என்றார். ஆனால் உடனே ஒரு கேள்வி கேட்டார்: "பங்கு பிரிப்பதற்கு முன் கடன் அல்லவா வர வேண்டும்? அத்தாவுக்குக் கடன் ஏதும் உண்டா என்று பார்த்தீர்களா?"

பெரிய கடன் எதுவும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். எனினும் அன்றிரவு நாட்குறிப்புகளை எடுத்துப் புரட்டினேன். அத்தா கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்து, தீர்ந்ததும் சிவப்பு மையால் கோடிழுத்துவிடுவார். 1997ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஒரு வரி மட்டும் கோடிழுக்கப்படாமல் நின்றது. வடலூரிலிருந்து ஆர்ச் கேட் வரை, பேருந்தில் நெரிசல், சீட்டு எடுக்கவில்லை, இரண்டரை ரூபாய் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நடத்துநர் நெரிசலைக் கடந்து வருவதற்குள் அவர் இறங்க வேண்டிய இடம் வந்திருக்கும். மறுநாள் கொடுக்கலாம் என்று எண்ணியிருப்பார். பிறகு வாழ்க்கை ஓடியிருக்கும்.

அந்த வரியைப் படித்தபோது என் கை நடுங்கியது. கடன் வைத்து இறந்த ஒருவருக்குத் தொழுகை நடத்த நபி (ஸல்) அவர்கள் முன்வராமல் நின்றதையும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததையும் எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருப்போம்! கேட்கும்போதெல்லாம் ஆயிரங்களையும் லட்சங்களையுமே நினைத்தேன். இரண்டரை ரூபாயை நினைத்ததில்லை.

ஹஜ்ரத்திடம் மீண்டும் சென்றேன். "அந்த நடத்துநரை எங்கே தேடுவது?" என்றேன். அவர் சொன்னார்: "தேட வேண்டாம். அது அரசுப் பேருந்து. அதில் ஊரார் எல்லோருடைய உரிமையும் இருக்கிறது. கட்டணம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் போக்குவரத்துக் கழகம். ஒரு சீட்டு வாங்குங்கள். அதில் பயணம் செய்யாமல் விட்டுவிடுங்கள். எழுதியிருக்கும் தொகையே கடன். இன்றைய கட்டணத்தைக் கொடுத்தால் அது பேணுதல்." 2011இலும் 2018இலும் பேருந்துக் கட்டணங்கள் உயர்ந்துவிட்டன. இரண்டரை ரூபாய்க்கு இன்று சீட்டே இல்லை. எனவே பேணுதலையே தேர்ந்தோம்.

அம்மாவிடமிருந்த 120 ரூபாயிலிருந்து பணம் பெற்றுக்கொண்டு வடலூர் சென்று பேருந்தில் ஏறினேன். ஆர்ச் கேட்டுக்கு இரண்டு சீட்டு கேட்டேன்; எனக்கான கட்டணத்தை என் பையிலிருந்தும், மற்றொன்றை அத்தாவின் பணத்திலிருந்தும் கொடுத்தேன். நடத்துநர் இயந்திரத்தில் அழுத்தியபடியே, "இன்னொருவர் எங்கே?" என்றார். "அவர் முன்பே பயணம் செய்துவிட்டார்" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சீட்டுகளைத் தந்தார். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பின் அந்த வரியில் சிவப்பு மையால் கோடிழுத்தேன். எஞ்சிய பணத்தை, அம்மாவும் தங்கையும் நானும் மனமொப்பி, அத்தாவின் பெயரால் ஸதகாவாகக் கொடுத்துவிட்டோம்.

அதன் பின்னரே இந்த அட்டைகளைப் பற்றி என் எண்ணம் தெளிவடைந்தது. அளவிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டித்தே தொடங்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை நாம் கடைக்காரரின் தராசோடு நிறுத்திவிடுகிறோம். பேருந்திலும் ஓர் அளவை உண்டு. பயணம் ஒரு தட்டு. கட்டணம் மறு தட்டு. சில்லறை இல்லை என்று நடத்துநர் சீட்டின் பின்புறம் மீதித் தொகையை எழுதித் தருகிறார். நாம் கேட்க மறந்து இறங்கிவிடுகிறோம். வேறொரு நாள் நெரிசலில் நாம் கொடுக்காமல் இறங்குகிறோம். இரண்டிலும் யாரோ ஒருவரின் உரிமை அந்தரத்தில் தொங்குகிறது. கட்டணத்தைப் பைசா பிசகாமல் கழித்துக்கொள்ளும் அட்டை, இந்த இரண்டு குறைகளையும் ஒரே நேரத்தில் நீக்குகிறது. அட்டையின் மெய்யான மதிப்பு இதுவே; தள்ளுபடி அதற்குப் பிறகுதான்.

ஆனால் அட்டையே ஒரு புதிய குறையையும் கொண்டுவருகிறது. பணம் நம்முடையது, இருப்பது வேறிடத்தில். எவ்வளவு இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் மாவட்டத்தார் பலர் வாழும் சிங்கப்பூரில், பெரியவர்களின் பழைய வகைப் பயண அட்டைகளை 2024 ஜூன் முதல் நிறுத்திவிட்டுப் புதிய முறைக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். புதிய முறையில், வாயிலில் அட்டையைத் தட்டும்போது கழிந்த கட்டணமும் மீதமும் திரையில் தோன்றாது. மக்கள் அதை ஏற்கவில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்று, பழைய முறையைத் தொடர மேலும் 4 கோடி சிங்கப்பூர் டாலர் செலவிட முன்வந்தது. தன் பணம் எவ்வளவு மீதமிருக்கிறது என்று பார்க்கும் உரிமையை அம்மக்கள் சிறிதாகக் கருதவில்லை.

சென்னையிலும் மாற்றம் வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் மெட்ரோவில் அறிமுகமான சிங்காரச் சென்னை அட்டை 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துகளுக்கும் வந்தது. மெட்ரோவின் பழைய பயண அட்டைகளில் பணம் ஏற்றுவது 2025 ஆகஸ்ட் 1 முதல் நிறுத்தப்பட்டது. மேசை அறைகளில் உறங்கும் பழைய அட்டைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இன்றே எடுத்துப் பாருங்கள்.

எங்கள் குடும்பம் இப்போது கடைப்பிடிக்கும் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

அட்டை வாங்குமுன், அது தேவையா என்று பார்க்கிறோம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அம்மா முதலில் அதை இலவசம் என்று கூசினார். அந்தத் தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது என்று விளக்கிய பிறகே மனம் ஒப்பினார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. சென்னையில் பணிபுரியும் தங்கையின் கணவர் 1000 ரூபாய் மாதச் சீட்டு வாங்குமுன் கணக்குப் போட்டார்: 25 நாட்கள், 50 பயணங்கள் என்றால் ஒரு பயணத்துக்கு 20 ரூபாய். அவருடைய வழித்தடத்தில் அதைவிடக் குறைவு, எனவே வாங்கவில்லை.

அட்டையில் அவ்வப்போது தேவையான அளவே ஏற்றுகிறோம். பயணக் கட்டணத்தில் தரப்படும் தள்ளுபடி ஒன்று. முன்கூட்டி ஏற்றும் பணத்துக்கே கூடுதல் வரவு வைப்பது மற்றொன்று. ரயில்வேயின் ஆர்-வாலட்டில் பணம் ஏற்றும்போது கிடைத்துவந்த 3 விழுக்காடு இரண்டாம் வகை. அது விலைக்குறைப்பா, கொடுத்த பணத்தின் மீது வரும் ஆதாயமா என்ற ஐயம் எழுந்தால், நாமே தீர்ப்புச் சொல்லாமல் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கடைசியாக, வீட்டில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். யாரிடம் எந்த அட்டை, அதில் தோராயமாக எவ்வளவு, யாருக்கு என்ன தர வேண்டும் என்பதை எழுதுகிறோம். கொடுக்க வேண்டிய கடன் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரவைக் கழிப்பது தகாது என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அத்தா அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால், அவர் கடனை நாங்கள் அறிந்திருக்கவே மாட்டோம்.

தங்கை அட்டையின் மீதத்தைப் பயணம் செய்து தீர்த்துவிட்டு, அதை அம்மாவிடமே திருப்பித் தந்துவிட்டாள். இப்போது அதில் செலவிடத் தக்க பணம் இல்லை. அம்மா அதை அத்தாவின் தஸ்பீஹ் மணியோடு வைத்திருக்கிறார்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் அறிந்த கடன்களையும் அறியாத கடன்களையும் தீர்த்து வைக்கும் வாய்ப்பை எங்களுக்குத் தருவாயாக. பிறருடைய உரிமை எதுவும் எங்கள் மீது எஞ்சாத நிலையில் எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்வாயாக. ஆமீன்.