கடையின் உறுதி யார் பெயரில்?

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலடியில் பனம்பொருள் விற்றுத்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டிக் குட்டான், ஓலைப்பெட்டி என்று ஒரு சிறிய கடை. ஆனித் திருவிழாவில் கிடைக்கும் காசு பல மாதச் செலவைத் தாங்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. குறிகட்டுவானிலிருந்து யாத்திரிகர் வருவது நின்றது. கட்டி வைத்த பனங்கட்டி ஈரக்காற்றில் கசியத் தொடங்கியது.

அண்ணாவின் மகள் சொன்னாள்: "மாமி, சனம் இங்கே வராவிட்டால் நாங்கள் சனத்திட்டப் போவம்." கைத்தொலைபேசியிலேயே ஒரு சமூக வலைத்தளத்தில் எங்களுக்குப் பக்கம் திறந்து தந்தாள். கொழும்பிலிருந்து கேட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள், இங்கிருக்கும் தாய் தகப்பனுக்கு அனுப்பச் சொல்லிக் காசு போட்டார்கள். ஒரு வருடம் நன்றாகவே ஓடியது.

ஒருநாள் காலை பார்த்தால் பக்கம் இல்லை. காரணம் தெரியவில்லை, யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை. பக்கம் போனதைவிட, வாங்கியவர்களின் பெயரும் விலாசமும் அதனோடேயே போனதுதான் என்னை அழ வைத்தது. நான் ஒரு கொப்பியில்கூட எழுதி வைக்கவில்லை.

2022 ஏப்ரல் 3 ஆம் திகதி நாடு முழுவதும் சமூக வலைத்தளங்கள் பல மணி நேரம் முடக்கப்பட்டன. பிறத்தியார் காணியில் போட்ட கொட்டில் எப்போதும் நிலைக்காது என்று அன்று எனக்கு நன்றாக விளங்கியது. சொந்தமாக ஓர் இணையக் கடை போடுவதென்று முடிவெடுத்தேன்.

தளம் செய்து தர வந்த தம்பி, "பெயரை என்ர கணக்கிலேயே பதிஞ்சு விடுறன் அக்கா, உங்களுக்கு ஏன் தலையிடி" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. தொண்ணூறுகளில் தீவைவிட்டு இடம்பெயர்ந்தபோது அவர் நகையை விட்டாலும் காணி உறுதியை விடவில்லை, சேலைக்குள் சுற்றிக் கொண்டு போனார். திரும்பி வந்தபோது வீடு இல்லை. உறுதி இருந்தபடியால் நிலம் எங்களுடையதாக இருந்தது. "இல்லைத் தம்பி, என்ர பெயரிலேயே பதியுங்கோ" என்றேன்.

இணையக் கடைக்கு அதன் முகவரிப் பெயர்தான் உறுதி. எங்கள் நாட்டுக்குரிய 'எல்கே' முடிவோடு பெயர் பதியலாம். '.இலங்கை' என்று தமிழிலும் பதியலாம். வருடாவருடம் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். தளம் தங்கும் இடத்துக்கு வாடகை உண்டு. கடையை அமைக்கும் 'வேர்ட்பிரஸ்', 'வூகொமர்ஸ்' மென்பொருள்கள் இலவசம். பணம் பெறுவதற்கு வியாபாரப் பெயரையும் பதிவு செய்தேன், வங்கிக் கணக்கும் திறந்தேன்.

பிறகுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு பொருளையும் நிறுத்து, பொதியின் நிறையையும் சேர்த்து, தபாற்செலவு கணக்கிட வேண்டும். கிழங்கு பிடுங்கும் காலம் முடிந்து ஒடியல் தீர்ந்தால் அன்றே 'இல்லை' என்று போட வேண்டும். இல்லாத பொருளுக்குக் காசு வாங்கினால் பெயர் கெட்டுவிடும்.

முதல் மாதம் வந்தவை இரண்டே இரண்டு ஓடர்கள். கோயிலடியில் போகிறவர் வருகிறவர் கண்ணில் கடை படும். இணையத்தில் எங்களைத் தேடி வந்தால்தான் உண்டு. அதனால் சமூக வலைத்தளத்தை நான் விட்டுவிடவில்லை. அது எனக்குத் தெரு, கடை வேறு. ஒவ்வொரு பொதிக்குள்ளும் கடையின் முகவரி எழுதிய துண்டொன்றை வைத்தேன். மெதுமெதுவாகப் பழைய முகங்கள் திரும்பின. இன்று கோயிலடிக் கடையும் உண்டு, இணையக் கடையும் உண்டு. பெரிய இலாபம் என்று சொல்ல மாட்டேன். திருவிழா இல்லாத மாதத்திலும் அடுப்பெரிகிறது.

சகோதரிகளே, நீங்களும் தொடங்குவதானால் மூன்றை மட்டும் உங்கள் கையில் வைத்திருங்கள்: முகவரிப் பெயர், கடவுச்சொல், வாங்குவோரின் பட்டியல். பட்டியலைக் கொப்பியிலும் எழுதுங்கள். மற்றதை யாரும் செய்து தரலாம்.